ஏழு நொடி பிந்தி வந்த மாமியார்

தன் வீட்டில் தன் பேச்சும் செல்லும் என்பதைப் பதினைந்து வருடம் கழித்தாவது நிரூபித்துவிடுவது என்று வெல்கோ முடிவெடுத்தபோது விதின் ஊரே மூடுபனிக்குள் முங்கிக் கிடந்தது. குளிர்காலம் வந்தால் டான்யூப் ஆற்றிலிருந்து எழுந்து வரும் பனி அது. எதிர்க்கரை ருமேனியா தெரியாது. ஆறு தெரியாது. சில நாள் சொந்த வீட்டு வாசல்படியைக்கூடக் காலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஃபெர்ரி நிற்கும். ஃபெர்ரி நின்றால் அதில் டிக்கெட் கிழிக்கும் வெல்கோவும் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பான். ஒரு கணவன் தன் குடும்ப நிலவரத்தை யோசித்துப் பார்க்க இதைவிட ஆபத்தான பருவம் கிடையாது.

பிரச்சினை ஒரு அறை. வீட்டிலேயே பெரியது, ஆற்றைப் பார்த்தது. வெல்கோவின் மாமியார் ஸ்தான்கா பதினான்கு வருடம் அதில் இருந்தார். ஜூன் மாதம் இரண்டாம் தேதி இறந்துபோனார். அவருடைய பச்சை நாற்காலி அங்கேயே இருந்தது. அதில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் இருந்தது. தூக்கத்துக்கு அவர் குடித்த சொட்டு மருந்தின் வாசனையும் திரைச்சீலையை விட்டுப் போகவில்லை. அந்த அறையில் தன் கம்ப்யூட்டரையும் தூண்டில்களையும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டும் என்பது வெல்கோவின் ஆசை. அவன் மனைவி யோன்காவுக்கு வேறு திட்டம். அவள் பல் செட் செய்கிறவள். எதிர்த்தெரு பல் டாக்டரிடம் இருபது வருடமாக உழைத்துவிட்டாள். இனி சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும், அதற்கு அந்த அறை வேண்டும்.

இருவரும் ஐந்து மாதம் பேசினார்கள். அதாவது யோன்கா பேசினாள், வெல்கோ ஜன்னலைப் பார்த்தான். கடைசியில் அவன் கோபத்தில் பழைய விஷயத்தைக் கிளப்பினான். கல்யாணத்தன்று முதலில் மிதித்தது தான்தான் என்றான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில், பதிவு மண்டபத்தில் கையெழுத்துப் போட்ட மறு நொடியே மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்கப் பார்ப்பார்கள். யார் முதலில் மிதிக்கிறாரோ அவர் கையில் வீடு. சும்மா விளையாட்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, மாப்பிள்ளையை முந்தின நாள் தனியாகக் கூப்பிட்டுப் பயிற்சியும் கொடுப்பார்கள். வெல்கோ கல்யாணத்தில் பெண்ணின் நீள கவுன் கால்களை மறைத்துவிட்டது. யார் கால் எங்கே போனது என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு அலறல் மட்டும் கேட்டது. மெலிந்த, கீச்சென்ற அலறல். அடுத்த கணம் பின்னாலிருந்து மாமியார் ஸ்தான்கா, ‘மிதிச்சுட்டா, என் பொண்ணு மிதிச்சுட்டா’ என்று மண்டபம் அதிரக் கத்தினார். அத்தோடு தீர்ப்பு ஆகிவிட்டது. அந்த அலறல் யோன்காவுடையது என்று வெல்கோ பதினைந்து வருடமாகச் சொல்லி வருகிறான். சொல்லிச் சொல்லி அவனே பாதி நம்பிவிட்டான்.

“அப்ப ஒண்ணு பண்ணுவோம்,” என்றாள் யோன்கா. “பென்யோ எடுத்த வீடியோ இருக்குல்ல. நிக்கோலா திருநாளுக்கு அவன் எப்பவும்போல வருவான். மேல்வீட்டு கெனொவேவாவும் வருவா. அவங்க ரெண்டு பேர் முன்னாடி போட்டுப் பாக்கலாம். கத்தினது யாருன்னு தெரிஞ்சுடும். மிதிச்சவங்களுக்கு அறை.”

“பேச்சு மாறக் கூடாது.”

“மாற மாட்டேன். நீதான் கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரன். நீயே அதை டிவிடியா மாத்திக் குடு.”

பென்யோ அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவன். லிபியாவில் வேலை பார்த்துவிட்டு வந்தபோது கேமரா கொண்டுவந்தான், ஊரில் எல்லோர் கல்யாணத்தையும் எடுத்துத் தள்ளினான். போன வருடம்தான் அந்த டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்திருந்தான். அதை இவர்கள் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. திருடன் கையிலேயே சாவியைக் கொடுக்கிறாளே என்று வெல்கோவுக்கு மனைவி மேல் இரக்கமே வந்துவிட்டது. யோன்கா எதையாவது தானாக முன்வந்து கொடுத்தால் வாங்குகிறவன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாத விஷயமில்லை. பனிமூட்டத்தில் மறந்துபோனான்.

வியாழக்கிழமை காலை யோன்கா வேலைக்குப் போனதும் மாமியார் அறையில் கம்ப்யூட்டரை வைத்தான். பச்சை நாற்காலியில் உட்கார்ந்தான். மாமியார் உயிரோடு இருந்தவரை அவன் உட்காராத நாற்காலி. வெளியே வெள்ளையாக ஒன்றுமே இல்லை. துறைமுகத்தில் எங்கோ சங்கு ஊதியது. முதலில் படத்தின் கடைசிப் பகுதியை ஓட விட்டான்.

விருந்து முடிகிற நேரம். எல்லோரும் ஆடப் போய்விட்டார்கள். நீள மேஜையின் கோடியில் ஸ்தான்கா தனியாக உட்கார்ந்திருந்தார். வாய் இறுக மூடியிருந்தது. நேராக வெல்கோவைப் பார்த்தார். உதடு அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

“என்னையே ஏன் பாத்துக்கிட்டிருக்கே. எழுந்து போய் வேலையைப் பாரு.”

வெல்கோ எழுந்துவிட்டான். நிஜமாகவே கதவு வரை போனான். கைப்பிடியைப் பிடித்த பிறகுதான் புத்தி வந்தது. திரும்பி வந்து படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தான். ஏழு நொடிக்கு முன்னால் மாமியார் வாயைத் திறந்து, கேமராவோடு நின்ற பென்யோவிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். உருவம் சொன்னது அப்போது. குரல் வந்து சேர்ந்தது இப்போது. அவ்வளவுதான். வெல்கோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அறைக்குள் தனியாகக் கேட்டது, அது அவனுக்கே பிடிக்கவில்லை.

இது எல்லோருக்கும் வருகிற கோளாறுதான். பென்யோ டேப்பிலிருந்து மாற்றியபோது ஒலி ஒரு வேகத்தில் பதிந்திருக்கிறது, டிவிடி கேட்பது இன்னொரு வேகம். ஆரம்பத்தில் வித்தியாசம் தெரியாது. நிமிடத்துக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு பின்தங்கும். இருபதாவது நிமிடத்தில் இரண்டு நொடி, எழுபதாவது நிமிடத்தில் ஏழு நொடி. அதற்கு வைத்தியமும் உண்டு. ஒலியைத் தனியே பிரித்து, சரியான வேகத்துக்கு மாற்றி, மறுபடி படத்தோடு ஒட்ட வேண்டும். அப்படியும் ஒட்டாத இடத்தில் படத்தைத் துண்டு போட்டு, கைதட்டுகிற இடத்தையோ பாட்டில் மூடி திறக்கிற இடத்தையோ அடையாளமாகப் பிடித்து, ஒலியை முன்னே பின்னே தள்ள வேண்டும். பொறுமை இருந்தால் போதும். பனி விலகாத வரை வெல்கோவிடம் அது நிறைய இருந்தது.

இருபதாவது நிமிடத்துக்கு வந்தான். பதிவு மண்டபம். கையெழுத்து ஆகிவிட்டது. மீசை வைத்த இளம் வெல்கோவும் வெள்ளை கவுனில் யோன்காவும் அருகருகே நிற்கிறார்கள், பின்னால் மாமியார். இளம் வெல்கோவின் வாய் திடீரென்று அகலமாகத் திறக்கிறது. கண் பிதுங்குகிறது. சத்தம் ஒன்றும் இல்லை. இரண்டு நொடி கழித்து யோன்கா சந்தோஷம் தாங்காமல் வாயைத் திறந்து சிரிக்கிறாள். சரியாக அந்த நேரத்தில்தான் அலறல் கேட்கிறது, மெலிந்து, கீச்சென்று. அவள் வாயிலிருந்தே வருகிறது.

வெல்கோ அதை எட்டுத் தடவை பார்த்தான். கோளாறு அவன் கட்சியில் இருந்தது. ஒலியைச் சரி செய்தால் அலறல் போய் அவன் வாயில் உட்கார்ந்துகொள்ளும். சரி செய்யாமல் விட்டால் யோன்காதான் கத்தினாள், அப்படியென்றால் மிதித்தது அவன். ஆனால் படம் முழுக்க ஒலி பிந்தினால் பென்யோ கண்டுபிடித்துவிடுவான். எனவே மற்ற எல்லா இடத்தையும் கச்சிதமாகச் சரி செய்ய வேண்டும், அந்த ஒரு துண்டை மட்டும் கோணலாக விட வேண்டும். அதன் பிறகு வருகிற மாமியாரின் கத்தலைத் துடைத்தெடுத்துவிட வேண்டும். தன் வாழ்நாளில் தனக்கு இவ்வளவு நல்ல யோசனை வந்ததே இல்லை என்று வெல்கோ நினைத்தான். அது உண்மைதான்.

மாமியாரின் ‘மிதிச்சுட்டா’வை வெட்டி எறிந்தான். அந்த இடத்தில் மண்டபத்து இசையை நிரப்பினான். அதற்குள் பனி கொஞ்சம் விலகிவிட்டதாக ஃபெர்ரி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்து, செய்த வேலையை ஓட விட்டான். மண்டபம் அருமையாக இருந்தது. அடுத்து ரொட்டி இழுக்கும் காட்சி. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே ரொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள். சுற்றிலும் ஆட்கள். மாமியார் அந்தக் காட்சியில் இல்லவே இல்லை.

“மிதிச்சுட்டா. என் பொண்ணு மிதிச்சுட்டா.”

வெல்கோவின் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. வெட்டும்போது கை தவறி இங்கே ஒட்டியிருப்பேன் என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டான். மறுபடி அழித்தான். இந்தத் தடவை அழித்ததை இரண்டு முறை சரிபார்த்தான்.

சனிக்கிழமை இரண்டாம் தேதி. மாமியார் இறந்து ஆறு மாதம். வழக்கப்படி யோன்கா ஆறு மாத நினைவு நோட்டீஸ் அச்சடித்து வீட்டு வாசல் கதவில் ஒட்டினாள். கறுப்புக் கட்டத்துக்குள் ஸ்தான்காவின் போட்டோ, இறுக மூடிய வாய். ரொட்டி வாங்கப் போனால் அவர் பார்த்தார். திரும்பி வந்தாலும் பார்த்தார். ஈரப் பனியில் நோட்டீஸ் நனைந்து, கன்னம் லேசாக உப்பியிருந்தது. வெல்கோ குனிந்துகொண்டே உள்ளே போனான்.

அன்று ஆட்டக் காட்சி. மத்தளமும் குழலும் காதைப் பிளக்கின்றன, இருபது பேர் கைகோத்துச் சுற்றுகிறார்கள். நடுவில் சத்தமெல்லாம் சட்டென்று அடங்கியது. கால்கள் மட்டும் சத்தமின்றிச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த அமைதிக்குள், கத்தலாக இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதைப்போல் தாழ்ந்த குரலில் வந்தது.

“மிதிச்சுட்டா.” பிறகு டக் என்று ஒரு சத்தம். பிறகு மறுபடி மத்தளம்.

வெல்கோ கம்ப்யூட்டரை அணைத்தான். அந்த ‘டக்’கை அவனுக்குத் தெரியும். எங்கே கேட்டது என்றுதான் ஞாபகம் வரவில்லை. அன்று முழுக்க அது அவன் காதிலேயே இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் யோன்கா ஸ்பூனைத் தட்டில் வைத்தபோது திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

“உங்கம்மா பல் செட் எப்ப போட்டாங்க?” என்று கேட்டான்.

“தொண்ணூத்தொம்பதுல. நான்தானே பண்ணிக் குடுத்தேன். கீழ் செட் கொஞ்சம் தளர்வு. பேசி முடிச்சா டக்குன்னு சத்தம் வரும். ஏன்?”

“ஒண்ணுமில்ல.”

“அதைப் போட்டுத்தான் பொதைச்சோம். கழட்டிடலாமான்னு பாதிரியார் கேட்டாரு. வேணாம், அங்க போயும் பேசணும்னு சொல்லிட்டேன்.”

வெல்கோ சூப்பை அப்படியே வைத்துவிட்டான். கல்யாணம் நடந்தது தொண்ணூற்றொன்றில். அன்று ஸ்தான்காவின் வாயில் சொந்தப் பல் முழுசாக இருந்தது. கல்யாணப் படத்துக்குள் இருந்து அந்தச் சத்தம் வர வழியே இல்லை. கல்யாணத்துக்கு எட்டு வருடம் பின்னால் வந்த வாய், படத்துக்குள் புகுந்து பேசுகிறது. இந்தப் பிந்தலுக்கு எந்த எண்ணைப் போட்டு எந்தப் பக்கம் தள்ளுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. சும்மா இல்லை, கை கால் ஓடாத பயம்.

ஞாயிறும் திங்களும் பனி விலகியது. ஃபெர்ரி ஓடியது. தன் வாழ்நாளில் முதல் முறையாக வெல்கோ வேலைக்குச் சந்தோஷமாகப் போனான். கூடுதல் நேரமும் நின்றான். ஆனால் வேலை பாக்கி இருந்தது. திருநாள் புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடி பனி இறங்கியது. முன்பைவிட அடர்த்தியாக, ஜன்னல் கண்ணாடியை ஒட்டி, உள்ளே வரத் துடிக்கிற மாதிரி நின்றது. யோன்கா மத்தியானம் சாப்பிட வரமாட்டேன், ஒரு செட் அவசரம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அறையில் விளக்கு போட வேண்டியிருந்தது. வெல்கோ படத்தின் கடைசித் துண்டுகளை ஒட்டினான். உதடும் குரலும் ஒன்றாக நின்றன. பாட்டில் மூடி திறந்தது, அதே நொடியில் சத்தம் வந்தது. கை தட்டினார்கள், அதே நொடியில் கேட்டது. மனசு கொஞ்சம் தெளிந்தது. நன்றாகச் சாய்ந்து, நாற்காலியின் பள்ளத்தில் முழுசாக இறங்கி உட்கார்ந்தான்.

படத்தில் மேஜைக் கோடி வந்தது. ஸ்தான்கா தனியாக, வாய் மூடி, நேராகப் பார்த்தார். இந்த இடத்தின் குரலை வெல்கோ ஏற்கெனவே ஏழு நொடி முன்னால் தள்ளி வைத்துவிட்டான். இங்கே இனி எந்தக் குரலும் இருக்கக் கூடாது. அவன் காத்திருந்தான். ஒரு நொடி. மூன்று நொடி. ஆறு.

“வெல்கோ.” டக். “என் நாற்காலியில உக்காராதே.”

அவன் எழுந்தானா, நாற்காலி அவனைத் தள்ளியதா என்று பிற்பாடு அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போனான். நாற்காலியின் பள்ளம் மெதுவாக, யாரோ இப்போதுதான் சரிந்து உட்கார்ந்ததைப்போல், ஒரு பக்கமாக அமுங்கி நின்றது. திரையில் மாமியார் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு மருந்து வாசனை மூக்கில் ஏறியது. துறைமுகச் சங்கு நின்றுவிட்டது. வெளியே உலகம் இருக்கிறது என்பதற்கு ஒரு சத்தமும் இல்லை.

“அத்தை,” என்றான் வெல்கோ. குரல் பதினைந்து வருடத்துக்கு முந்தைய கீச்சுக் குரலாக வந்தது. “அத்தை, கோவிச்சுக்காதீங்க. மிதிச்சது யோன்காதான். கத்தினது நான்தான். எனக்கு அப்பவே தெரியும். இத்தனை வருஷமா வாய்ப்பேச்சுக்குத்தான் மல்லுக்கட்டினேன். இந்த அறை அவளுக்கே இருக்கட்டும். நான் சமையலறை மூலையில இருந்துக்கறேன். என்னை விட்டுடுங்க.”

படம் தானாக முடிந்தது. வெல்கோ விளக்கை அணைக்காமல் வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

அன்று மாலை யோன்கா வந்தபோது அவன் சமையலறையில் உட்கார்ந்து பெரிய கெண்டை மீன் ஒன்றைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தான். திருநாளுக்கு மீன் வயிற்றில் அரிசியும் வால்நட்டும் அடைத்துச் சுட வேண்டும். வேலை முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது, டிஸ்க்கில் எழுதுவது மட்டும் பாக்கி என்றான். ஆனால் மீனை விட்டு எழுந்திருக்கவில்லை. அவன் முகத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி, நீ மீனைப் பாரு. நான் எழுதிடறேன்,” என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் வரவில்லை.

வெல்கோ செதிலைத் தேய்த்துக்கொண்டே யோசித்தான். மாமியாரிடம் உண்மையைச் சொல்லியாகிவிட்டது. அது அவருக்கும் தனக்கும் இடையில். அதற்காக, கோணலாக விட்ட துண்டைப் போய் நிமிர்த்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே. இறந்தவருக்கு ஒரு நியாயம், இருக்கிறவளுக்கு ஒரு டிவிடி. அறை கிடைத்தால் முதல் வேலையாக அந்த நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டுவிடலாம். பயம் தெளியத் தெளிய அவனுக்குப் பசியும் எடுத்தது.

புதன்கிழமை மத்தியானம் பென்யோ ஒரு பாட்டில் ராக்கியா சாராயத்தோடு வந்தான். மேல்வீட்டு கெனொவேவா, கணவனை இழந்த, எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிற பெண்மணி, கேக்கோடு வந்தாள். மீன் மேஜைக்கு வந்தது. டிவி ஓடியது. உதடும் குரலும் அப்படிப் பொருந்தியிருப்பதைப் பார்த்து பென்யோவே பாராட்டினான். வெல்கோ அடக்கமாகத் தலையாட்டினான்.

மண்டபம் வந்தது. இளம் வெல்கோ மூச்சு இழுப்பதைப்போல் வாயைத் திறந்தான். யோன்கா வாயைத் திறந்தாள். அலறல் அவளிடமிருந்து வந்தது. கெனொவேவா கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அடப்பாவி, நீதான் மிதிச்சியா,” என்றான் பென்யோ. “நான் கூடவே நின்னேன், எனக்குத் தெரியாமப் போச்சே.”

வெல்கோ எழுந்து நின்றான். தனக்கு வெற்றி பெரிதில்லை, உண்மை வெளிவந்ததுதான் பெரிது என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தான். யோன்காவுக்கும் அறைக்குள் வந்து போக எப்போதும் அனுமதி உண்டு என்று பெருந்தன்மையாகச் சொன்னான். யோன்கா மீனை எல்லோருக்கும் பங்கிட்டாள். “படம் முடியட்டும்,” என்று மட்டும் சொன்னாள்.

விருந்துக் காட்சி வந்தது. மாப்பிள்ளை நன்றி சொல்லும் இடம். இளம் வெல்கோ கோப்பையோடு எழுந்தான். மீசையை ஒதுக்கினான். பெண் வீட்டார் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான்.

“அத்தை, கோவிச்சுக்காதீங்க,” என்றான் இளம் வெல்கோ. “மிதிச்சது யோன்காதான். கத்தினது நான்தான். எனக்கு அப்பவே தெரியும்.”

உதடு திறக்க வேண்டிய இடத்தில் திறந்தது, மூட வேண்டிய இடத்தில் மூடியது. ஒரு எழுத்து பிந்தவில்லை. “இந்த அறை அவளுக்கே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு இளம் வெல்கோ கோப்பையை உயர்த்தினான். மேஜை முழுக்கக் கைதட்டியது, அதே நொடியில் சத்தமும் வந்தது.

வெல்கோவுக்குத் தலை சுற்றியது. தன்னுடைய முகம், தன்னுடைய மீசை, தன்னுடைய குரல். பதினைந்து வருடத்துக்கு முன்னால் இருந்த அவனே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தான். கெனொவேவா கைக்குட்டையை எடுத்துவிட்டாள்.

“கல்யாணத்தன்னிக்கே எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டிருக்கான் பாரேன். எவ்வளவு நல்ல மனசு.”

“பொய்,” என்று வெல்கோ மேஜையை அறைந்தான். “சுத்தப் பொய். கல்யாணத்துல நான் இதைச் சொல்லவே இல்ல. இதை நான் நேத்து மத்தியானம்தான் சொன்னேன்.”

டிவியில் மட்டும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பென்யோ ராக்கியாவை மெதுவாகக் கீழே வைத்தான்.

“நேத்து யார்கிட்ட சொன்னே?”

“அத்தைகிட்ட.”

கெனொவேவா சிலுவை போட்டுக்கொண்டாள். வெல்கோ வாயை மூடினான், ரொம்பப் பிந்தி. மெல்ல யோன்கா பக்கம் திரும்பினான். வலென்சியாவில் இருக்கும் தங்கையோடு ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்காக அவள் வாங்கி வைத்த மைக், கம்ப்யூட்டர் பக்கத்தில் நேற்று முழுக்க நாற்காலியைப் பார்த்துத் திரும்பியிருந்தது இப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. அதோடு, அவன் ஃபெர்ரிக்குப் போன மத்தியானங்களில் எல்லாம் அவள் வேலை பார்க்கும் எதிர்த்தெருவிலிருந்து வீட்டுக்கு நாற்பதே அடி தூரம்தான் என்பதும்.

“அந்தக் குரல்?” என்று கேட்டான்.

“அம்மாவோட பெயர்நாள் விருந்துல எடுத்த டேப்பு. அஞ்சு வருஷம் முந்தி,” என்றாள் யோன்கா. “நான் உன்னை மிதிச்ச கதையையும் அதுல சொல்றாங்க. நாற்காலியில உக்காராதேன்னு அதுல மட்டும் பதினோரு தடவை சொல்றாங்க. நல்லா இருந்த ஒண்ணை எடுத்துக்கிட்டேன். ‘ம’ன்னா உதடு மூடணும், ‘ப’ன்னா மூடணும், நான் இருபது வருஷமா வாயைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன் வெல்கோ. நீ கோணலா விட்ட துண்டு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. அதை நான் தொடலை, உன் உழைப்பாச்சேன்னு விட்டுட்டேன்.”

வெல்கோ உட்கார்ந்தான். சமையலறை நாற்காலிதான், யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. யோன்கா மீனின் வால் துண்டை அவன் தட்டில் வைத்தாள்.

“நேத்து மத்தியானம்னு நீயே சொல்லிட்டே,” என்றாள். “அப்ப நேத்து மத்தியானத்துலேருந்து அந்த அறை என்னோடது.”